கரடிக்குப் போன முதல் வார்த்தை

செவ்வாய், இரவு

இரண்டு வயதாகியும் ஒரு சொல் பேசாமல் எங்கள் ஏழு தலைமுறையையும் கதிகலங்க வைத்த என் மருமகள் யாழினி இன்று பேசிவிட்டாள். "வா" என்றாள். மாமன்னனாகிய இந்தத் தாய்மாமனிடம் அல்ல. டிவியில் ஆடிய ஊதாக் கரடியிடம்.

செவ்வந்திப் பூக்களைத் தாளில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்த அக்கா, முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். "பூ ஏத்த லோரி வர்றதுக்குள்ள வேல முடியணும்னுதான்டா டிவியப் போட்டு விடுறேன். அம்மா இங்கதான இருக்கேன். கரடியப் போயி கூப்பிடுறாளே."

டிவிமேல் ஆறு மாதமாகப் போர் தொடுத்துவரும் மச்சான் வேலை முடிந்து வந்தார். செய்தியைக் கேட்டதும் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. "கரடியத் திரும்பப் போடு லா. நானும் கேக்கணும்."

கரடி கோடி முறை ஆடியது. யாழினி வாயைத் திறக்கவில்லை. அக்காவே டிவியை அணைத்துவிட்டுப் பூக்கட்டப் போனாள். யாழினி பின்னாலேயே ஓடி, அம்மாவின் ஸ்வெட்டரைப் பிடித்து டிவி பக்கம் இழுத்தாள். "வா."

அணைந்த டிவிக்கு முன்னால் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே லோரிக்காரன் ஹாரன் அடித்தான். வீட்டுக்குள் புலி புகுந்துவிட்டது, கொஞ்சம் பொறு என்று அவனிடம் சொல்லி நிறுத்திவிட்டு, மிச்சப் பூவை நான்தான் கட்டினேன். கோணல்மாணலாக.