ஒரே தவறு, இரண்டு உத்தரவுகள்

என் கலையக்காவுக்கு,

நீ இருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். நீ பாதியிலேயே, "சரிடி, விஷயத்துக்கு வா" என்றிருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. வழக்கறிஞர் பவித்ராமீது நடக்கும் ஒழுங்கு விசாரணையில் நான் சாட்சி. அவள் செய்தது, நீ செய்ததேதான்.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

செந்துறைக்கு அப்பாலிருந்து ஒருவர் அரியலூர் கோர்ட்டுக்கு வந்துபோனால் ஒருநாள் வேலை கெடும். அதனால் முதல் சந்திப்பிலேயே கட்சிக்காரரிடம் நான்கைந்து வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். பின்னால் மனு ஏதும் போட வேண்டுமென்றால் மேலே நாங்களே நிரப்பிக்கொள்வோம். அவர்களுக்கு அலைச்சல் மிச்சம். எங்களுக்கும். இதை யாரும் தவறென்று சொல்லிக் கேட்டதில்லை, தவறு நடக்கும்வரை.

ஆண்டிமடம் பக்கத்து அஞ்சலை, முந்திரித் தோப்பில் தன் பங்கைக் கேட்டு அண்ணன்மீது வழக்குப் போட்டிருந்தார். நீதான் அவருடைய வக்கீல். அந்த அண்ணன் ஒருநாள் உனக்குப் போன் செய்தான்.

"தங்கச்சிக்குக் காச்சலுங்க, எந்திரிக்க முடியல. நாங்களே பேசி முடிச்சுட்டோம்ங்க. கேச எடுத்துருங்க."

அருகில் ஒரு பெண்குரல் "ஆமாங்க" என்றது. நீ நம்பினாய். கையெழுத்திட்ட தாளில், வழக்கைத் திரும்பப் பெறுவதாக எழுதித் தாக்கல் செய்தாய். அந்தக் குரல் அஞ்சலையுடையது இல்லை. அண்ணியுடையது.

இரண்டு மாதம் கழித்து அஞ்சலை வந்து நின்றார். கத்தவில்லை.

"எம் பங்க யாரக் கேட்டும்மா குடுத்த?"

பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழு உனக்கு வக்கீல் தொழில் செய்ய மூன்றாண்டுத் தடை போட்டது. அதே ஆண்டு, அதே குழு, நம் கோர்ட்டு வளாகத்தின் மூத்த வழக்கறிஞர் ஒருவர்மீதும் இதே புகாரை விசாரித்தது. அவருக்கு எச்சரிக்கை மட்டும்.

இரண்டு உத்தரவுகளையும் அருகருகே வைத்துப் பலமுறை படித்திருக்கிறேன். அவர் நீண்டகாலம் தொழிலில் இருப்பவர், ஆகவே கடுமை தேவையில்லையாம். நீ தொழிலுக்குப் புதியவள், ஆகவே மற்ற இளையவர்களுக்குப் பாடமாக இருக்க வேண்டுமாம். நீண்டகாலம் இருந்தவருக்கு அல்லவா கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்?

நம் வீட்டில் நீதான் முதல் வக்கீல். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் குனிந்தவர்கள். இது எந்த உத்தரவிலும் இல்லை. எழுதப்படாத காரணத்தை மேல்முறையீட்டில் எப்படிக் காட்டுவது?

அம்மா ஊரில் உனக்கு லீவு என்று சொல்லி வைத்தாள். பக்கத்து வீட்டு ராசாத்தி விடவில்லை. "கோர்ட்டுல மூணு வருசம் லீவா? பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக்கூட அவ்ளோ இல்லியே." நீதான் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மா சிரிக்கவில்லை.

மேல்முறையீட்டில் நீ விடுதலை கேட்கவில்லை. எனக்குக் கோபம். கையெழுத்து அந்தம்மாவுடையதுதானே, அவரே சம்மதித்தார் என்று சொல் என்றேன். "கையெழுத்து அவங்களோடது. மேல எழுதுனது நாந்தானடி" என்றாய். "தப்பு பண்ணலன்னு நான் சொல்லலடி. ஒரே தப்புக்கு ஒரே அளவு கேக்குறேன்."

தடையின் இரண்டாம் ஆண்டில் மஞ்சள்காமாலை முற்றி நீ போனாய். மேல்முறையீடும் முடிந்தது. கேள்விக்குப் பதிலாக உன் இறப்புச் சான்றிதழ் கோப்பில் இருக்கிறது.

இப்போது பவித்ரா. எச்சரிக்கையோடு தப்பிய அதே மூத்தவரின் ஜூனியர். பெரம்பலூர் கோர்ட்டில் வக்கீல்கள் அறையில் என் பக்கத்து மேசை. குன்னத்துப் பெரியவர் ஒருவரிடம் அவள் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியபோது நான் எதிரில் உட்கார்ந்து பப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். பிறகு அவர் மகன் பேச்சை நம்பி அதை நிரப்பிவிட்டாள். பெரியவர் புகாரில் என்னையும் குறிப்பிட்டிருக்கிறார்.

"அக்கா, அன்னைக்கு நீங்க அங்க இல்லன்னு சொல்லிடுங்களேன்" என்றாள்.

"இருந்தேன்ல."

"இருந்தீங்கன்னு தெரியும்க்கா. அதனாலதான கேக்குறேன்."

மூத்தவர் டீக்கடையில் மறித்தார். "என்னம்மா, அக்காவுக்காக எம் ஜூனியரப் பழி வாங்கப் போறியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டு வா. ஞாபக மறதிக்கு எந்தச் சட்டத்துலயும் தண்டன கிடையாது."

அம்மாவிடம் சொன்னேன். உடனே தீர்ப்பு. "அந்தப் புள்ளைக்கும் மூணு வருசம் குடுக்கச் சொல்லு. எம் மவளுக்குக் குடுத்தாங்கள்ல?" போனை வைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். "அந்தப் புள்ள ஒழுங்கா சாப்புடுதா? கலை அப்ப சோத்தப் பெசஞ்சுக்கிட்டே ஒக்காந்திருப்பா."

பவித்ராவுக்கு மூன்றாண்டு கிடைத்தால் உனக்கு நியாயம் கிடைத்ததாகுமா? எச்சரிக்கையோடு விட்டால் உனக்கு இரண்டாம் முறையும் அநியாயமா? இரண்டு பக்கமும் யோசித்தேன். இரண்டிலும் நீ திரும்பி வரவில்லை. அஞ்சலையின் தோப்பும் வரவில்லை. அவர் மறுபடி வழக்குப் போட்டிருக்கிறார், வேறு வக்கீல் வைத்து. போன வாரம் அரியலூரில் பார்த்தேன். தலையசைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானும் அந்தப் பழக்கத்தை விடவில்லை, அக்கா. உனக்கு அப்படி ஆன பிறகும். சம்மன் வந்த அன்றுதான் என் கோப்புகளை எல்லாம் புரட்டினேன். கையெழுத்துப் போட்டு மேலே காலியாகக் கிடந்த தாள்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன். ஆலத்தியூர்க்காரர் ஒருவர் திட்டினார். "இதக் குடுக்கவா ஷிப்டு மாத்திட்டு வரச் சொன்ன? ஒன்ன நம்பித்தான போட்டேன், கிழிச்சுப் போட வேண்டியதுதானே." நம்பித்தான் போட்டார். அஞ்சலையும்.

இனி எழுதுவது நம் இருவருக்கு மட்டும் தெரிந்தது.

சென்னையில் உன் விசாரணையன்று நான் பின்வரிசையில் இருந்தேன். வக்கீலாகப் பதிவு செய்து சில மாதங்கள்தான். இது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது என்று நீ சொன்னாய். குழுவில் நடுவில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"எல்லாரும்னா? ஒரு பேர் சொல்லுங்க."

அந்த வாரம்தான் உன் அலுவலகத்தில், நீ இல்லாதபோது, நான் ஒருவரிடம் அப்படிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். பிறகு அந்தத் தாளை நீ பார்த்துவிட்டாய். அப்போது நான் எழுந்து நின்று என் பேரைச் சொல்லியிருந்தால் போதும். கால்கள் கேட்கவில்லை. கேட்காதது கால்கள் என்று எழுதுவதுகூடப் பொய்தான்.

நீ திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இருக்கிறேன் என்று தெரிந்தும். ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

"பேர் சொல்ல விரும்பலைங்க" என்றாய்.

ஆதாரமில்லாமல் சக வழக்கறிஞர்கள்மீது பழி போட்டாய் என்பதும் உன் உத்தரவில் ஏறியது. மூன்றாண்டுக்கு அதுவும் ஒரு காரணம். சென்னையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். நிஜமாகவே தூங்கினாயா? அதன்பிறகு அதைப்பற்றி நாம் ஒருநாளும் பேசவில்லை. நீ பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது தெரிந்துதான் பேசாமல் விட்டாயோ?

அடுத்த மாதம் போகிறேன். பவித்ரா கையெழுத்து வாங்கியதைப் பார்த்தேன் என்று சொல்வேன். இரண்டு உத்தரவுகளையும் அவர்கள் முன் வைப்பேன். எத்தனை ஆண்டு என்று நான் சொல்லப்போவதில்லை. எதைக் கொடுத்தாலும், முன்பு இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு, இவளுக்கு ஏன் இது என்று காரணத்தை எழுதுங்கள் என்று கேட்பேன். அது உன் மனுவில் இருந்த கேள்விதான்.

என் பிரமாண வாக்குமூலத்தைப் பவித்ராவிடம் காட்டினேன். ஒளித்துச் செய்ய மனமில்லை. இரண்டாம் பத்தியில் அவள் விரல் நின்றது. நானும் இவ்வாறே வாங்கியிருக்கிறேன் என்று அங்கே எழுதியிருக்கிறது.

"அக்கா, இது உங்க மேலயே திரும்புமே."

"திரும்பும்."

"பயமா இல்லியா?"

"இருக்கு."

தாளைத் திருப்பிக் கொடுத்தபடி, "நானும் மறுக்கப் போறதில்லக்கா" என்றாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

எனக்கும் நோட்டீஸ் வந்தால் வாங்கிக்கொள்வேன். புதியவள் என்றோ பழையவள் என்றோ சலுகை கேட்க மாட்டேன். அன்று அவர்கள் கேட்ட பெயரை இந்த முறை நானே சொல்வேன், கேட்கும்முன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. இத்தனை நாள் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாய். போதும் அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
தமிழ்ச்செல்வி