செல்லாச்சிக்கு ஒரு பெட்டி

இன்று காலை கடையில் பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கியிருக்கும் பகுதியில் நின்றேன். ஒரு பெட்டியின் மூடியைத் திறந்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் அடித்தது. உன் வீட்டு முன்னறை வாசனையில் பாதி அதுதான், மீதி தென்னந்தும்பு. கைப்பையிலிருந்து, நீ எனக்கு விட்டுப்போன உன் அளவுநாடாவை எடுத்துப் பெட்டியின் உட்புறத்தை அளந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு அன்ரி எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, சாறி அடுக்கவோ?"

"இல்லை அன்ரி, பாம்புக்கு."

அவர் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போன வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. நீ போனதிலிருந்து எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம்தான் வருகிறது.

டோர்செட் பார்க்கில் நம் கட்டடத்தில் சாறி பிளவுஸ் தைக்க உன்னிடம் வராத பெண் இல்லை. நானும் அப்படித்தான் வந்தேன், தங்கையின் கல்யாணத்துக்கு, அளவுக்கென்று பழைய பிளவுஸ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு. நீ அதைத் தொடக்கூட இல்லை.

"பழைய அளவைக் கொண்டு வராதை. இண்டைக்கு இருக்கிற உடம்பை அளப்பம்," என்றாய்.

நீ நாடாவைத் தேடிப் போன நேரத்தில், சுவரோரத் தட்டுகளில் வரிசையாக இருந்த பெட்டிகளில் ஒன்றை நூல் வைக்கும் லாச்சி என்று நினைத்து இழுத்தேன். உள்ளே சுருண்டு கிடந்த பாம்பு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டினார். ஓடிவந்த நீ என்னை ஒதுக்கிவிட்டுப் பெட்டியைத்தான் பார்த்தாய். "ஐயோ, செல்லாச்சி பயந்திட்டாள்!" நான் பயந்ததைக் கேட்க ஆளில்லை. இனி இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். பிளவுஸ் அவ்வளவு நன்றாக அமைந்ததால் திரும்பவும் வந்தேன்.

அப்படி வந்து வந்துதான் உன் விஷமில்லாத பாம்புகளின் சங்கதி எனக்குப் புரிந்தது. கதவில்லாத தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் இழுத்துத் திறக்கும் ஒரு பெட்டி, அதற்குள் பரப்பிய தென்னந்தும்பு, மேல்தட்டே அதற்கு மூடி, பின்புறம் இளஞ்சூடு தரும் ஒரு பட்டி. அதற்கு ராக் என்று பெயர். மேல்தட்டுக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தாலும் குட்டி நழுவிவிடும் என்று ஒவ்வொரு பெட்டியாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாய். குட்டிகளை ஏன் அவ்வளவு சின்னப் பெட்டியில் வைத்திருக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"பிளவுஸ் எண்டால் உள்ளுக்குத் துணி விட்டுத் தைக்கலாம், உடம்பு வைச்சால் பிரிச்சு விடலாம். பெட்டிக்கு அப்பிடி விடேலாது. குட்டிக்குப் பெரிய பெட்டி குடுத்தால் பயந்துபோய் மூலையில கிடக்கும், தின்னாது. வளர வளரப் பெட்டியை மாத்தோணும்."

வளர்ந்த பாம்புக்கு உன் அளவு வேறு. பெட்டியின் நீளச் சுவரோரமும் அகலச் சுவரோரமுமாக உடம்பை முழுதாக நீட்டிப் படுக்க முடிய வேண்டும். செல்லாச்சி வளைந்து கிடக்க, அவள் முதுகின் மேல் மூக்கிலிருந்து வால் வரை ஒரு நூலை வைத்துப் பிடிப்பாய். அந்த நூலை நாடாவில் நீட்டி, அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவாய். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ஒரு கோடு. அந்த நாடாவை வேறு யாருக்கும் வைக்கமாட்டாய்.

உனக்குப் பிள்ளை இல்லாததற்கு நாகதோஷம்தான் காரணம் என்றது ஒரு கூட்டம். பாம்பை வீட்டில் வைத்திருந்தால் தோஷம் கூடும் என்றது அதிலேயே ஒரு பாதி, நாகதம்பிரான் சாமியே வீட்டில் இருப்பதால் குறையும் என்றது மற்றப் பாதி. எல்லோரும் உன்னிடம்தான் தைத்தார்கள். அளவெடுக்க நிற்கும்போதே உன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீயோ வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு "கையை உயர்த்துங்கோ" என்பாய், அவ்வளவுதான்.

பிறகு உன் செத்தவீடு. நோய் உன்னைப் பாதியாக உருக்கியிருந்தது. அவர்கள் உனக்குப் போட்டிருந்ததோ நீ நன்றாயிருந்த காலத்துப் பிளவுஸ். தோள் சரிந்து கிடந்தது. கைப்பக்கம் துணியைக் கொய்து ஊசி குத்தியிருந்தார்கள். இந்த ஊரில் எத்தனை மணப்பெண்களுக்கு ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்துக் கொடுத்தவள் நீ! ஏன் இந்தப் பிளவுஸ் என்று உன் தம்பி மனைவியிடம் கேட்டேன்.

"சாறி மூடும்தானே அக்கா," என்றாள்.

எனக்குப் பின்னால் ஒருத்தி, "உந்தப் பாம்புதான் அவளைக் கொண்டுபோட்டுது," என்று குசுகுசுத்தாள். புற்றுநோய்தான் கொண்டுபோனது என்று மண்டபம் முழுவதும் கேட்கச் சொன்னேன். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்திருக்காவிட்டால் இன்னும் சொல்லியிருப்பேன்.

உன் தம்பி ராக்கையும் குட்டிகளையும் விற்றான். செல்லாச்சியை மட்டும் அஜக்ஸில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான், குட்டி எடுத்து விற்கும் யோசனையோடு. பனி கரைந்ததும் அவளைப் பார்க்கப் போனேன். கராஜில் ஒரு புது ராக் நின்றது. நிறையப் பெட்டிகள், எல்லாம் ஒடுக்கம். அதில் ஒன்றை இழுத்தால், செல்லாச்சி திரும்பக்கூட இடமில்லாமல் பெட்டியை நிரப்பிக்கொண்டு கிடந்தாள். வெளியே வர முட்டி முட்டி மூக்கு நுனி புண்ணாகியிருந்தது. நடுவில் ஒரு வெள்ளிக் கிண்ணம், பக்கத்தில் வாடிய செவ்வரத்தம்பூ. உன் தம்பி மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் பால் வைத்திருக்கிறாள். பாம்பு பால் குடிக்காது. அசையும்போதெல்லாம் கிண்ணம் கவிழ்ந்து, தும்பு ஊறிப் புளித்து, அதன் மேலேயே கிடந்து அடிவயிற்றுச் செதிள்கள் சிவந்திருந்தன.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"ஏன் அக்கா? பெரிய பெட்டியில பாம்பு பயப்பிடும், சின்னப் பெட்டிதான் நல்லம் எண்டு என்ரை அக்காவே சொன்னவ."

உன் வாயிலிருந்து வந்த சொல்லை எடுத்து உன் செல்லாச்சியை அதற்குள் அடைத்திருந்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அது குட்டிக்குச் சொன்னது. இவள் குட்டியோ? கண்ணால பாக்கேல்லையோ நீ?"

ஒரு நூலை வாங்கி அவள் முதுகில் வைத்துப் பிடித்தேன். அதே நூலைப் பெட்டியின் இரண்டு சுவரோரமும் நீட்டினேன். மிஞ்சிய நூல் என் கையிலிருந்து தொங்கியது. அவன் அதைப் பார்த்தான். நான் தலையணை உறை கேட்டேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை அக்கா, நாகதம்பிரானை வெளியில குடுக்கக் கூடாது," என்றாள் உன் தம்பி மனைவி.

"கும்பிடத் தெரியுது, அளக்கத் தெரியேல்லை. நான் கொண்டுபோறன்."

தலையணை உறையில் அவளைப் போட்டு முடிச்சிட்டு மடியில் வைத்துக்கொண்டேன். பாம்பென்றால் பத்தடி தள்ளி நிற்கும் என் கணவர்தான் கார் ஓட்டினார். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்காமலே ஹீட்டரை முழுதாகத் திருப்பினார். வியர்த்து ஊற்றியது, குறைக்கவில்லை.

"உது குளிரில விறைச்சிடுமெல்லே," என்றார்.

என் வீட்டுக்கு வந்தபின் மூக்குப் புண் ஆறிவிட்டது. வயிற்றுச் சிவப்பும் போய்விட்டது. இன்று காலை, கடைக்குப் போகுமுன், தரையில் உட்கார்ந்து அவள் முதுகில் நூலைப் பிடித்தேன். நாடாவில் நீட்டிப் பார்த்தால், நீ கடைசியாகப் போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தாள். பிழையாக்கும் என்று திரும்பவும் பிடித்தேன். தாண்டித்தான் இருந்தாள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது. அவள் போட்ட கோட்டைத் தாண்ட உனக்கென்னடி அவசரம் என்று செல்லாச்சியைக் கேட்டுவிட்டு, அங்கேயே இருந்து அழுதேன். பழைய அளவைக் கொண்டு வராதை என்றவள் நீ. உன் கோட்டை வைத்து நான் பெட்டி வாங்கினால் எனக்கும் உன் தம்பிக்கும் என்ன வித்தியாசம்? முகத்தைத் துடைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவைத் தேடி என் கோட்டைப் போட்டேன். கோணல். நீ இருந்தால் ஏசியிருப்பாய்.

இப்போது அவள் புதுப் பெட்டியில் இரண்டு சுவரோரமுமாக நீட்டிப் படுத்திருக்கிறாள். நாடாவைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துவிட்டேன். உன் கோட்டுக்கும் என் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரலகலம் இருக்கிறது. நீ இல்லாமல் அவள் வளர்ந்தது அவ்வளவுதான். அதைத்தான் நான் போகிற இடமெல்லாம் கொண்டு திரிகிறேன்.