ஏழு சட்டிச் சேம்பு

செவ்வாய். கீழ்க்குகைக் குடியிருப்பு. குளக்குகைப் பதிவு.
எழுதுபவர்: மாதங்கி, பூச்சியியல்.

நாள் 1. 08:20

இன்று சொல்லாமல் விட்டது: சோதனைச் சட்டிகளில் இருந்த சேம்பிலையில் வேப்பெண்ணெய் வாசனை இருந்தது.

சொன்னது: குளத்தில் நாலாயிரம் கூன்வண்டுகள் விடப்பட்டன. நீரின் வெப்பம் 19 பாகை. விளக்குகள் சரியாக எரிகின்றன. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று நிர்வாகக் குழுத் தலைவர் பரஞ்சோதி பேச்சுக்கம்பியில் கேட்டார். இல்லை என்றேன். கதவை வெளியிலிருந்து மூடினார்கள். வண்டின் முட்டை உடுப்பில் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடலாம் என்பதால் குளத்தில் இறங்கியவர் தொண்ணூறு நாள் உள்ளேயே இருக்க வேண்டும். அந்த விதியை எழுதியவள் நான்தான்.

நாள் 1. 15:40

இதைப் படிப்பவருக்குப் பின்னணி வேண்டும்.

பூமியிலிருந்து மீன்குஞ்சு வந்த சேற்றில் ஆகாயத்தாமரை விதை ஒன்றும் இருந்திருக்கிறது. நான்கு ஆண்டில் முந்நூறு மீட்டர்க் குளத்தை அது முழுக்க மூடிவிட்டது. கீழே மீன்கள் மூச்சுக்குத் திணறுகின்றன. கையால் அள்ளினால் இரண்டு வாரத்தில் பழையபடி நிரம்புகிறது. குடிப்பதும் இதே நீர் என்பதால் களைக்கொல்லி ஊற்ற முடியாது.

அதனால் வண்டு. பூமியில் இது ஆகாயத்தாமரையை மட்டுமே தின்று வாழ்ந்தது. ஆனால் இந்தக் குளிருக்கும், இருபது நாளில் ஒரு தலைமுறை பெருகவும் நாங்கள் திருத்திய வகை புதியது. அதனால், எங்கள் உணவுப் பயிரான சேம்பை அது தொடாதா என்று சோதனை. பட்டினி போட்ட வண்டை ஏழு சட்டிச் சேம்பில் விட்டேன். ஏழிலும் வாய் வைக்காமல் செத்தன. தேறிவிட்டது என்று எழுதினேன். சட்டிகளைக் கழுவும்போதுதான் அந்த வாசனை வந்தது.

மறுசோதனைக்கு நாற்பது நாள் ஆகும். அதற்குள் மீன் மிஞ்சாது. இது உண்மையான காரணம். சட்டிகளைப் பார்த்துக்கொண்ட செல்லக்கனி அக்காவைச் சபையில் நிறுத்துவார்கள் என்பதும், அவருக்கும் முன்பாக நானே அங்கே நிற்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மையான காரணங்களே. எது பெரியது என்று எடை போட்டுப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

நாள் 9. 11:00

இலைகளில் சின்னச் சின்னச் சதுர வடுக்கள். வண்டு தின்கிறது. தண்டைப் பிளந்தால் உள்ளே புழு.

செல்லக்கனி அக்காதான் சேப்பங்கிழங்குப் பாத்திகளுக்குப் பொறுப்பு. நூற்று நாற்பது பேருக்குத் தினச்சோறு அந்தக் கிழங்கு. தினமும் ஒருமுறை கம்பியில் கூப்பிடுகிறார்.

"ஏளா மாதங்கி, வண்டெல்லாம் சாப்ட்டாச்சா?"

"ஆச்சு அக்கா."

"நீ சாப்ட்டியா? வண்டுக்குக் காட்டுத அக்கறைய உன் வயித்துக்கும் காட்டு. தொண்ணூறு நாள்ல நீ மெலிஞ்சு வந்தா, வண்டு உன்னயும் தின்னுட்டுன்னு ஊரே பேசும்."

சிரித்தேன். குகையில் எதிரொலி வந்தது.

நாள் 31. 10:15

களையில் பாதி பழுப்பாகிவிட்டது. மூழ்கிய இடங்களில் விளக்கொளி நீருக்குள் இறங்குகிறது. இன்று ஒரு மீன் துள்ளியது. நான்கு ஆண்டில் முதல்முறை.

குழு ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்களாம். அக்காவின் பாத்தியில் வேலை செய்பவர்கள் கைதட்டியது கம்பியில் கேட்டது. கைதட்டல் முடியும்வரை காத்திருந்து கம்பியை வைத்தேன்.

பேரழிவு பெருஞ்சத்தத்தோடு வரும் என்று படித்து வளர்ந்தவள் நான். வண்டு தின்னும் சத்தத்தைக் கேட்க, காதை இலையருகே வைக்க வேண்டும்.

நாள் 47. 09:30

ஆகாயத்தாமரை ஏறக்குறைய இல்லை. வண்டுகள் மூன்று லட்சத்துக்கு மேல் இருக்கும். சுவரில், விளக்கில், என் படுக்கையில் நடக்கின்றன. பசியில் இருக்கின்றன. பட்டினியில் சாகும் என்பதுதான் திட்டம்.

அக்காவிடம் ஒரு சேம்பிலை கேட்டேன். எண்ணெய் எதுவும் படாதது.

"எதுக்குளா?"

"சும்மா. பச்சையாப் பாக்கணும் போல இருக்கு."

பொய். உணவுத் திறப்பு வழியாக இலை வந்தது. அதோடு ஒரு துண்டுக் காகிதம்: "பாத்தா போதும், பச்சையாத் திங்காத, நாக்கு அரிக்கும்."

நாள் 47. 15:30

இலையை வண்டுகளிடம் வைத்து ஆறு மணி நேரம். நரம்பு மட்டும் இருக்கிறது.

நாள் 47. 15:50

குளத்து நீர் பாத்திகளுக்குப் போகும் வழியில் இருக்கும் வலையின் கண் இரண்டு மில்லிமீட்டர். வண்டு அதைவிடப் பெரியது. புதிதாகப் பொரித்த புழு ஒரு மில்லிமீட்டர். இது எனக்கு முன்பே தெரியும். நுண்ணிய வலை போட்டால் நீர் ஓட்டம் குறையும். சேம்பைத் தொடாத புழு பாத்திக்குப் போனால் என்ன என்று விட்டுவிட்டோம். சோதனைதான் தேறிவிட்டதே.

வாய்க்காலை அடைத்தேன். நாற்பது நாளாக ஓடியிருக்கிறது.

நாள் 47. 16:10

கம்பியில் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, பாத்தியில ஒரு தண்டைப் பிளந்து பாருங்க."

சற்று நேரம் கழித்து: "வெள்ளையா நெளியுது. இலையில கொஞ்சம் கோடு விழுந்திருந்துது, தண்ணி பத்தலன்னு நெனச்சேன். இது உன் வண்டாளா?"

"ஆமா. சோதனைச் சட்டிக்கு என்ன அடிச்சீங்க?"

"வேப்பெண்ணெய்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, சோப்புல கரைச்சு ரெண்டு சொட்டு. பாத்திக்கு அடிக்க எண்ணெய்க்கு எங்க போவ? இருந்தது ஒரு போத்தல். உன் சட்டின்னு அதுக்கு மட்டும் அடிச்சேன்."

"மருந்து எதுவும் அடிக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருந்தேனே அக்கா."

"வேப்பெண்ணெய் மருந்தாளா? பச்சப்புள்ளைக்குத் தடவுதோம்."

பிறகு சொன்னேன். வாசனை எனக்கு முதல் நாளே தெரியும் என்று.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? என்னய ரெண்டு ஏச்சு ஏசியிருப்பாவ. நான் நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அவ்வளவுதானளா."

நாள் 49. 14:00

எண்பது பாத்திகளில் எழுபத்தேழில் புழு. தண்டைத் துளைத்துக் கிழங்குக்குள் இறங்கியிருக்கிறது. இதுவும் புதிது. மேலே எதைத் தெளித்தாலும் அதன் மேல் படாது.

கிடங்கு அரிசி ஐந்து மாதத்துக்கு. அடுத்த கப்பலுக்கு இன்னும் பன்னிரண்டு மாதம்.

நாள் 53. 10:40

பரஞ்சோதி கம்பியில் பேசினார்.

"மாதங்கி, சேம்புக்குகையோட வெளிக்கதவைத் திறந்து உறைய விடப்போறோம். வேற வழியில்ல. செல்லக்கனி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. எண்ணெய் அடிச்சு உங்க சோதனையைக் கெடுத்தது அவங்கதான். உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு சொன்னாங்க. நீங்க மனசு உடைஞ்சிடாதீங்க."

கம்பி திறந்தே இருந்தது. அவர் காத்திருந்தார். ஐந்து நொடி இருக்கும்.

"சரி" என்றேன்.

நாள் 54. 12:00

கதவைத் திறந்துவிட்டார்கள். சுவர் வழியாக அதிர்வு தெரிந்தது. விதைக்கு நாற்பது கிழங்கையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று அக்கா கெஞ்சினாராம். வெட்டிப் பார்த்ததில் ஒன்பதில் புழு. நாற்பதையும் எரித்தார்கள்.

இன்று அவர் கூப்பிடவில்லை. பாத்திக்கம்பி அந்தக் குகையில்தான் இருந்தது.

நாள் 71. 09:00

வண்டுகள் சாகின்றன. கூட்டி அள்ளுகிறேன். வாளி வாளியாக. குளம் தெளிவாக இருக்கிறது அடிமண் தெரிகிறது மீன் நிறைய ஆனால் நூற்று நாற்பது பேருக்கு

கணக்குப் போட்டேன். போதாது.

நாள் 90. 08:00

உயிருள்ள வண்டு: பூஜ்யம். முட்டை: பூஜ்யம். கதவு திறக்கிறது.

நாள் 431

கப்பல் நேற்று வந்தது. நூற்று இருபத்தாறு பேர் இருக்கிறோம். செல்லக்கனி அக்காவைப் பாத்தி வேலையிலிருந்து நீக்கிக் கிடங்கு கழுவும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். 388-ஆம் நாள் காலை, உணவுப் பங்கு வாங்கும் வரிசையில் விழுந்து இறந்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு.