இந்த முதலை எந்த இலாகா?

9 நவம்பர் 1977, புதன். வாதி ஹல்ஃபா

இன்று காலை ஏரித் துறையில் இருந்தவர்கள்: நான், என் மகள் அவாதிஃப், பக்கத்து வீட்டு ஹாஜா பத்தூல், எங்கள் ரயில்வே குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டுவந்து விற்கும் பஷரி, பஷரியின் கழுதை. வேறு ஒருவரும் இல்லை. நாளைக்கு யாராவது விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

கழுதை குடிக்கக் குனிந்தது. தண்ணீரில் ஒரு சுழிப்புக்கூட இல்லை. முதலை அதன் மூஞ்சியைப் பிடித்துவிட்டது. பஷரி கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தான், முட்டிபோட்டபடியே இழுபட்டான். ஹாஜா பின்னாலிருந்து அவன் அங்கியைப் பிடித்துக்கொண்டாள். அவாதிஃப் வாளியை வீசினாள். கயிறு அறுந்தது. கொஞ்ச நேரம் இரண்டு தகரப் பீப்பாயும் மிதந்தன. கழுதையைக் காணவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு ரக்அத் தொழுதேன். எதுவரை ஓதினேன் என்று மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இவர், அவாதிஃபின் அப்பா, ஸ்டேஷனில் சரக்கு குமாஸ்தா. புதன் ரயில்வண்டி வரும் நாள் என்பதால் இருட்டித்தான் வந்தார். "ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சாப்பிட்டார். படுத்துவிட்டார்.

10 நவம்பர்

ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனேன். அத்பராக்காரர். எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஏரியைக் கண்டாலே எரிச்சல் அவருக்கு.

"அவாதிஃப் அம்மா, முதலை எங்க இருக்கு?"

"தண்ணியில."

"தண்ணி ஆத்துப் போக்குவரத்து இலாகாவோடது. தண்டவாளத்து மேல ஏறி வந்தா சொல்லுங்க, நானே பச்சைக்கொடி காட்டி அனுப்பிடறேன்."

அங்கிருந்த கலாசிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

12 நவம்பர்

ஆற்றுப் போக்குவரத்து அலுவலகம். அங்கே இருந்த கணக்கர் மரியாதையாக டீ கொடுத்தார். சர்க்கரை தாராளம். எங்கள் கூப்பனில் அவ்வளவு கிடைப்பதில்லை. பிறகு ஒரு வரைபடத்தை விரித்தார். ஜூலையில் ஏரி எங்கேயோ உள்ளே போய்விடும், தண்ணீர் எடுக்கக் காலையெல்லாம் நடக்க வேண்டும். அந்தக் கரை இவர்களுடையது. இப்போது ஏரி நிரம்பிச் சரக்குத் தடம்வரை வந்துவிட்டது. எல்லைக் கல் தண்ணீருக்குள். ஆகவே தண்ணீர் நிற்கும் நிலம் ரயில்வேயுடையது.

"ஜூலையில வந்தீங்கன்னா அது எங்க முதலை, தங்கச்சி. இப்ப அது ரயில்வே முதலை."

ஒரு முதலைக்கு வருஷத்துக்கு இரண்டு முறை இடமாற்றல் உத்தரவு! என் வீட்டுக்காரருக்குப் பத்து வருஷமாகக் கேட்டும் ஒன்று கிடைக்கவில்லை.

13 நவம்பர்

போலீஸ். சார்ஜென்ட் சொன்னது அப்படியே: "மனுசனப் பிடிச்சா எங்க கேஸ். கழுதைன்னா கால்நடை. உயிரோட இருக்கிற முதலைன்னா வனவிலங்கு, அது தலைநகரம் கார்ட்டூம் பாக்கணும். சுட்டா ஒவ்வொரு தோட்டாவுக்கும் நான் கணக்குச் சொல்லணும்மா."

மனுசனைப் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமாம். யாரை அனுப்பட்டும்? என் மகளையா?

யா அல்லாஹ், எனக்குப் பொறுமையைக் கொடு. கொடுத்தது தீர்ந்துவிட்டது.

15 நவம்பர்

ஷாயாவைப் பார்க்கப் போனேன். ஹாஜா பத்தூலின் மருமகள். குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. ஆண் குழந்தை, தலை நிறைய முடி. ஷாயாவின் புருஷன் ரயில் கார்டு; இப்போது பாலைவனத்துக்குள் ஆறாம் நம்பர் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஊர்ப்பேர்கூட இல்லாத ஸ்டேஷன், நம்பர் மட்டும்தான்.

நாற்பதாம் நாள் குழந்தையைத் தண்ணீருக்குக் கொண்டுபோய் முகம் கழுவ வேண்டும். அணை கட்டி ஆறு ஏரியான பிறகும் ஹாஜா அதை ஏரி என்று சொல்வதில்லை. "ஆத்துக்குக் கொண்டுபோவோம், ஆத்து மக்களுக்குக் கொஞ்சம் கஞ்சி போடுவோம்." தண்ணீருக்கு அடியில் வாழ்வதாகச் சொல்லும் இந்த ஆற்று மக்களைப் பற்றி நான் படித்த எதிலும் இல்லை. ஆனால் என் பிள்ளைகள் எல்லோருடைய முகமும் அந்தத் தண்ணீரில் கழுவியதுதான். கழுவாத பிள்ளை இந்த ஊரில் கிடையாது. கழுவாமல் விட்டு நாளைக்குக் குழந்தைக்கு ஒரு சளி பிடித்தாலும் ஷாயாவின் தலையில்தான் விடியும்.

விரல் விட்டு எண்ணினேன். டிசம்பர் 14, புதன்.

"புதனா? அன்னிக்கு வண்டி நாளாச்சே..." என்று ஷாயா ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். வண்டி நாளானால் என்ன?

16 நவம்பர், புதன்

மறுபடி வந்தது. ஒரு மரக்கட்டை மாதிரி துறைக்கு எதிரே கிடந்தது. தண்ணீர் எடுக்காமல் திரும்பினோம்.

என் தம்பி தஹப் மீன் அனுப்பியிருந்தான், பெரிய மீனின் வயிற்றுத் துண்டு. புதன்தோறும் அனுப்புவான். மீன் வியாபாரம், ரயிலின் ஐஸ் பெட்டியில் ஏற்றிக் கார்ட்டூம் அனுப்புகிறான். வறுத்தேன். எல்லோரும் இரண்டு துண்டு சாப்பிட்டார்கள்.

21 நவம்பர்

ஹஜ்ஜுப் பெருநாள். ஆட்டின் மூன்றில் ஒரு பங்கு ஏழைகளுக்கு. பஷரிக்குக் கழுதை போன துக்கத்துக்காகக் கூடவே ஒரு தொடை.

24 நவம்பர்

மனு எழுதினேன். என் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாமல் கற்றது என்று எவரும் சொல்ல முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் வாங்கி வைத்துக்கொண்டார். அத்பராவில் ரயில்வே தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டுமாம். அங்கிருந்து கார்ட்டூம். "பதில் வர்றதுக்குள்ள முதலைக்கு வயசாகிடும்" என்றார். அவருக்கு எல்லாம் வேடிக்கை. அவர் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் இன்ஜின் தொட்டியிலிருந்து போகிறது.

27 நவம்பர்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பஷரி இப்போது தோளில் சுமக்கிறான். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிடுகிறது. வாசலில் வைத்துச் சத்தம் போட்டுவிட்டேன். ஊரில் ஒருவருக்கும் அக்கறை இல்லை, அலுவலகம் அலுவலகமாக நான் ஒருத்தி அலைகிறேன், கழுதையைப் பறிகொடுத்த நீயே வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய் என்று. அவன் பீப்பாயைக் கீழே வைத்தான்.

"நான் வாயத் தொறக்கலையா? சரி, தொறக்கறேன். அதுக்கு யாரு விருந்து வைக்கறாங்கன்னு உங்க தம்பியப் போயிக் கேளுங்க. புதன் புதன் குடல் கொட்டறது யாரு? வண்டி ஊதினா நாய் மாதிரி வருது அது. இங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்காகத்தான் யாரும் பேசல. உங்க பெருநாள் கறியத் தின்னுட்டு நான் எப்படிப் பேசுவேன்?"

சொல்லிவிட்டு அவனே அழுதுவிட்டான்.

எல்லோருக்கும் தெரியும். ஹாஜாவுக்கு, ஷாயாவுக்கு, அந்தக் கலாசிகளுக்கு. அன்றைக்கு அவர்கள் சிரித்தது ஸ்டேஷன் மாஸ்டரின் பேச்சுக்கு இல்லை.

30 நவம்பர், புதன்

நானே போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஏறியதிலிருந்து ஐஸ் பெட்டி நிற்கும் தடம் ஏரியை ஒட்டியே இருக்கிறது. தஹபின் ஆட்கள் படகிலிருந்து மீனை இறக்கி அங்கேயே உட்கார்ந்து கீறுகிறார்கள், குடலை அங்கேயே எறிகிறார்கள். கூப்பிடு தூரத்தில் எங்கள் துறை. தூரத்தில் வண்டி ஊதியது. முதலை வந்தது, அவசரமே இல்லாமல், சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிற மாதிரி.

நாலடி தள்ளி இவர் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். குனிந்துகொண்டார்.

அடுப்பில் அன்றைய மீன். நான் சாப்பிடவில்லை.

1 டிசம்பர்

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"உன் தம்பி, நப்ரா. நான் சொல்லியிருந்தா என்ன சொல்லுவ? என் பொறந்த வீட்டு மேல உங்களுக்கு எப்பவும் கண்ணுன்னு சொல்லியிருக்க மாட்ட?"

சொல்லியிருப்பேன். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

ஐஸ் பெட்டியைப் பழைய தடத்தில், மேட்டில் நிறுத்த முடியாதா என்று கேட்டேன். முடியுமாம். அங்கே மண்ணில் குழி தோண்டிக் குடலைப் புதைக்கலாமாம். ஆனால் சரக்கு அனுப்புகிறவர் எழுதிக் கேட்டால்தான் இடம் மாற்றுவார்கள். கேட்க வேண்டியது தஹப்.

நான் இத்தனை வாசல் ஏறி இறங்கினேன். கடைசியில் அந்த முதலை என் பிறந்த வீட்டு இலாகா.

4 டிசம்பர்

தஹப் வந்தான். டீ குடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"அக்கா, முதலை என்ன நான் பெத்த புள்ளையா? ஏரி இருந்தா முதலை இருக்கும்."

"சோறு போட்டு வளக்கறது நீதான்டா."

"மேட்டுத் தடத்துக்கு மணல்ல தூக்கிட்டுப் போகணும். வெயில்ல மீன் நாறிடும், ஐஸ் பாதி கரைஞ்சிடும். இன்னும் ரெண்டு மாசம், தண்ணி எறங்கிடும். அதுவும் போயிடும்."

"ஷாயா பிள்ளைக்கு நாப்பது பதினாலாம் தேதி. தெரியுமா?"

யோசித்தான். "சரி, அன்னிக்கு ஒரு நாள் குடலக் கொட்டல. போதுமா?"

"வண்டி ஊதினா அது வரும். வந்து பாக்கும். சாப்பாடு இருக்காது. பக்கத்துல துறையில பச்சப்பிள்ளையோட பொம்பளைங்க நிப்பாங்க. பசியோட வந்தது சும்மா திரும்பிப் போகுமாடா?"

தம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். "மத்தவங்க சொன்னா பொறாமைன்னு விட்டுடுவேன். நீயுமா?" என்று மட்டும் கேட்டான்.

7 டிசம்பர், புதன்

மீன் வந்தது. திருப்பி அனுப்பினேன். தெருவே பார்த்தது.

சாயங்காலம் தஹப் எங்கள் வாசல் வழியாகத்தான் போனான். நிற்கவில்லை.

9 டிசம்பர், வெள்ளி

ஹாஜா பத்தூல் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்துக்கு நாங்க போகல, நப்ரா. ஒரு வாளி ஆத்துத் தண்ணி எடுத்து வந்து முத்தத்துலயே கழுவிடறோம். உன் தம்பியும் நீயும் பேசாம இருக்கறது எங்களால ஆச்சுன்னு இருக்க வேண்டாம்" என்றாள்.

வாளியில் முகம் கழுவிய முதல் பிள்ளையாக அது வளர வேண்டுமா? என் மீனுக்காக ஊரே ஊமையாக இருந்தது போதாதா? அவளிடம் கோபப்பட்டுவிட்டேன். பெரியவள். அல்லாஹ் மன்னிக்கட்டும். "ஆத்துக்குத்தான் போறோம்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன், தெரியவில்லை.

13 டிசம்பர்

நாளைக்கு. தஹபிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இவரிடம் கேட்டேன். "கடைத்தெருவுல பாத்தேன், கயிறு வாங்கினான், போனான்" என்றார். கயிறு எதற்கு?

14 டிசம்பர், புதன்

வண்டி வழக்கம்போலத் தாமதம். துறையில் நாங்கள் காத்திருந்தோம். ஷாயா வெள்ளை உடுத்தியிருந்தாள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஹாஜா கஞ்சிக் கிண்ணத்தைத் துணியால் மூடிப் பிடித்திருந்தாள். பஷரி நீளமான ஒரு கழியோடு நின்றான். அவாதிஃபைக் கரையில் மேலே நிற்கச் சொன்னேன்.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தஹப் மட்டும் சின்னப் படகில் இருந்தான். அவன் ஆட்கள் கீறிக் கீறிக் குடலைப் படகிலேயே போட்டார்கள். ஒரு துளி தண்ணீரில் விழவில்லை.

வண்டி ஊதியது. அது வந்தது.

தஹப் துடுப்பைப் போட்டான். குடலைக் கயிற்றில் கட்டிப் படகின் பின்னால் தொங்கவிட்டிருந்தான். ஏரியின் நடுவை நோக்கிப் போனான். அந்த மரக்கட்டை திரும்பியது, கன்று மாட்டைத் தொடர்கிற மாதிரி அவன் பின்னாலேயே போனது. அந்தப் படகு என் வீட்டுக் கட்டில் அளவுதான். அதற்கும் இவனுக்கும் நடுவே கயிறு மட்டும்.

"இப்ப" என்றாள் ஹாஜா.

பிஸ்மி சொல்லி ஷாயா குனிந்தாள். ஏழு முறை முகம் கழுவினாள். குழந்தை விழித்துக் கத்தியது. ஹாஜா கஞ்சியைத் தண்ணீரில் போட்டாள். நான் துஆ கேட்டேன், குழந்தைக்கு இல்லை. அல்லாஹ்வுக்குத் தெரியும் யாருக்கு என்று. படகு ஒரு புள்ளியாகி, பிறகு எதிர்க்கரைப் பாறைக்குப் பின்னால் மறைந்தது.

பெண்கள் குலவையிட்டுக்கொண்டு திரும்பினார்கள். நான் துறையிலேயே நின்றேன். வண்டி கிளம்பிப் போனது. அஸர் தொழுகையை அங்கேயே மணலில் தொழுதேன். வெயில் இறங்கும்போது படகு வந்தது. பின்னால் கயிறு இல்லை. தஹப் மேட்டுப் பக்கம் கரையேறினான். துடுப்புப் போட்டுப் போட்டுக் கை இரண்டும் சிவந்திருந்ததை இங்கிருந்தே பார்த்தேன். என்னைப் பார்க்காமல் போனான்.

17 டிசம்பர்

இன்று இவர் கையில் தஹபுக்குக் கொடுத்தனுப்பியது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

தஹபுக்கு அக்கா நப்ரா எழுதுவது. குழந்தை நலம், ஷாயா நலம். ஹாஜா உனக்காகத் தினமும் துஆ செய்கிறாள். அடுத்த புதனும் நீ படகில் போகப் போகிறாய் என்று உன் ஆட்கள் சொல்கிறார்கள். போகாதே. ஒரு நாள் பார்த்தது எனக்குப் போதும். ஐஸ் பெட்டியை மேட்டுத் தடத்தில் நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதிக் கொடு. மணலில் மீன் தூக்க நானும் அவாதிஃபும் வருகிறோம். பஷரியும் வருவதாகச் சொல்லிவிட்டான். கோபம் இருந்தால் இருக்கட்டும், அதை அப்புறம் வந்து கேட்டுக்கொள். புதனுக்கு முன்னால், சீக்கிரம் எனக்குப் பதில் சொல்.