‘ஐஸ் அந்தோணி’ என்று பதிந்த நம்பர்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூடாக்கு. களத்தில் காயும் மிளகாய்மேல் படுதா போட்டு, எடுத்து, மறுபடி போட்டு. மழை வரவில்லை.

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது.

நேற்று லோடு ஆட்டோவின் பின்கதவு, வலது கை ஆள்காட்டி விரல்மேல். ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே. எலும்பில் விரிசல், நான்கு வாரம் கட்டு. டாக்டர், “என்ன வேலை பாக்குறீங்க?” என்றார். விவசாயம் என்றேன். கூட வந்த என் மனைவி மீனா விடவில்லை. “ஆர்கெஸ்ட்ராவுல ரிதம் பேட் வாசிப்பாரு சார், இருவத்திரண்டு வருசமா.” டாக்டர், “அப்படியா, எந்த ஆர்கெஸ்ட்ரா?” என்று கேட்டுக்கொண்டே அடுத்தவர் சீட்டை எடுத்துவிட்டார்.

நாகராஜனுக்குப் போன். குழு அவனுடையது, கீபோர்டும் அவனே. ஐந்தாம் வகுப்பிலிருந்து பழக்கம். அடுத்து இருப்பவை:

9ஆம் தேதி, முதுகுளத்தூர், கல்யாண வரவேற்பு.
16, தங்கச்சி பாண்டியம்மா வீட்டுக் காதணி. உச்சிப்புளி.
ஏப். 6, திருவாடானைப் பக்கம், பங்குனிப் பொங்கல். பெரிசு. சென்னையிலிருந்து ஒரு பாடகி. அதற்குள் விரல் கூடிவிடும்.

“ஏலே முருகேசா, பதிலுக்கு யாருடா இருக்கா? மண்டபம், ராமேசுவரம் பக்கம் எவனாச்சும்?”

“யாருமில்ல. பரமக்குடி ரவியக் கூப்புடு.”

யாருமில்லை என்றது பொய். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

வெயில் சுள்ளென்று. மிளகாய் நன்றாகக் காய்கிறது. மீனாவும் கூலிக்கு வந்த இரண்டு பேரும் வெளுத்த சோடைக் காய்களைப் பொறுக்குகிறார்கள். ஒரு கையால் நானும்.

எங்கள் தொழிலில் யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. உடம்புக்கு முடியாமல் ஆள் அனுப்பினால், நம்மைவிட ஒரு படி கம்மியான ஆளை அனுப்ப வேண்டும். ரொம்ப மோசமாகவும் இருக்கக் கூடாது, ‘என்னடா ஆள் அனுப்பியிருக்கான்’ என்று ஆகிவிடும். சாயல்குடியில் தபேலா வாசிக்கிறவர் விரலை விசாரிக்கப் போன் செய்தார். அவரும் அதையே, “பாத்து அனுப்புப்பா, இல்லாட்டி இடம் போயிரும்” என்றார்.

ரவி சரியான ஆள். அடி சுத்தமாக விழும். ஆனால் மூன்றாவது பாட்டிலிருந்து வேகம் பிடித்து ஓட ஆரம்பித்துவிடுவான். பாடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும்.

மார்ச் 10, திங்கள்

நாகு காலை ஏழு மணிக்கே போனில். “ரயிலப் புடிக்கப் போற மாதிரி அடிக்கான்டா. பாடிக்கிட்டே மேகலா நாலாவது பாட்டுல என்னைத் திரும்பிப் பாத்து மொறைக்கிறா. நீ எப்படா வார?”

சிரித்தேன். சிரித்துக்கொண்டே தோசை தின்றேன். மீனா, “என்னங்க, இன்னைக்கி மொகம் தெளிவா இருக்கு, வலி கொறஞ்சிருச்சா?” என்று கேட்டாள். குறைந்துவிட்டது என்றேன்.

அசிங்கமாகத்தான் இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

வாங்க வேண்டியவை: பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, கம்மல் (திருகு வைத்ததுதான் வேண்டும் என்கிறாள் பாண்டியம்மா), மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, சீர்த்தட்டு 21, ரோஜா மாலை, பழம். களத்துக்குப் புதுப் படுதா.

பாண்டி போனில். “அண்ணே, மேளம் வேணாம்னு சொல்லிட்டோம். ஒங்க ஆர்கெஸ்ட்ரா மட்டுந்தான். காது குத்துறப்பயும் அவுகதான் வாசிக்கணும். அண்ணன் குழுன்னு எங்க மாமியார்ட்ட பெருமையாச் சொல்லிருக்கேன், கேட்டியா?”

நானோ தாய்மாமன். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியவன். விரல் நன்றாக இருந்தாலும் அன்றைக்கு வாசிக்க முடியாது. சம்பந்தி வீட்டார் முன்னால் ரவி ரயில் ஓட்டினால்?

அந்தோணி.

எழுதிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன் மண்டபம் பக்கம் ஒரு கோயில் கொடியேற்றத்துக்குப் போயிருந்தோம். சாயங்காலம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன், என் பேடில் யாரோ. மேடைத் தட்டிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். கைலி, ரப்பர் செருப்பு, முழங்கைவரை உப்பு பூத்த கை. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன். அவன் வாசித்தது ஒரு பத்து நிமிஷம் இருக்கும். நான் பல வருஷம் வீட்டில் முயற்சி செய்து விட்டுவிட்ட ஒன்றை, அவன் சும்மா பேசுகிற மாதிரி வாசித்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். “மன்னிச்சுக்கங்கண்ணே, தொட்டுட்டேன்.” நம்பர் கொடுத்தான். “ஏதும் வாய்ப்பு இருந்தாச் சொல்லுங்கண்ணே.” சொல்றேன் தம்பி என்றேன்.

‘ஐஸ் அந்தோணி’ என்று பதிந்துகொண்டேன். நாகு என் போனை எடுத்துப் பார்த்தால்கூட ஐஸ் வாங்குகிற இடம் என்றுதான் நினைப்பான். அதற்காகவே அப்படிப் பதிந்தேன்.

மார்ச் 12, புதன்

கூப்பிட்டேன். நம்பர் மாறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். “சொல்லுங்க முருகேசண்ணே.” என் நம்பரைப் பேர் போட்டு வைத்திருக்கிறான்.

ஒரு நாள்தானே. காதணிதானே.

மார்ச் 16, ஞாயிறு

உச்சிப்புளி, கல்யாண மண்டபத்தில் மேடை. மத்தியானம் சாப்பாடு முடிந்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மறப்பதற்குள்.

எனக்குத் தலைப்பாகை, மாலை. மடியில் பிள்ளை. குழு என் முதுகுக்குப் பின்னால், திரும்பிப் பார்க்க வழியில்லை. ஆசாரி கம்பியை எடுத்தார். பிள்ளை உதட்டைப் பிதுக்கியது.

அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்வோம் என்றால், முழுச் சத்தத்தில் அடிப்போம். பிள்ளை அழுகிறது வெளியே கேட்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ காதுக்கு நான் அப்படித்தான் அடித்திருக்கிறேன்.

அந்தோணி குறைத்துக்கொண்டே போனான். நாகு கீபோர்டை நிறுத்திவிட்டான். ஒரே ஒரு குச்சி, ஓரத்தில், டிக் டிக் என்று. நடுவில் ஒன்றை வாசிக்காமல் விடுகிறான். அடுத்தது எப்போது வரும் என்று கூட்டமே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறது. பிள்ளையும் என் தோளுக்கு மேலே எட்டி அவனைப் பார்க்கிறது, வாய் திறந்தபடி. ஆசாரி ஒரு காது முடித்தார். பிள்ளை லேசாகச் சிணுங்கியது, மறுபடி அந்தச் சத்தத்தையே பார்த்தது. இரண்டாவது காதும் முடிந்தது. அழவே இல்லை.

அப்புறம்தான் அடித்தான். மண்டபம் எழுந்துவிட்டது. பாண்டி மாமியார் குலவை போட்டார்.

எனக்குக் கண் கலங்கியது. பாண்டி பார்த்துவிட்டு, “அண்ணனுக்குப் பாசத்தப் பாரு” என்றாள். பொறாமை என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

பந்தியில் நாகு பக்கத்து இலை. “எங்கனடா புடிச்ச இவன? இவ்வளவு நாளா எங்கன இருந்தான்?”

“யாரோ சொன்னாங்க. போன வாரந்தான் தெரியும்.”

இரண்டாவது பொய். அந்தோணி எதிர்ப்பந்தியில்தான் இருந்தான். காதில் விழுந்திருக்குமா தெரியவில்லை. ரசம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

மார்ச் 24, திங்கள்

திடீர் மழை, கால் மணி நேரம். புதுப் படுதா பிழைக்க வைத்தது. பக்கத்துக் களத்தில் பாதி நனைந்துவிட்டது, பாவம்.

நேற்றுப் புதிதாக வந்த ஒரு வளைகாப்புக்கு நாகு அந்தோணியையே கூப்பிட்டுக்கொண்டான். என்னிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. மேகலா போனில், “அண்ணே, அவரு வாசிச்சா மூச்சு எடுக்க எடம் கெடைக்கிதுண்ணே” என்றாள். நல்ல பெண், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. சாயங்காலம்வரை அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

மிளகாய் போடத் தெரியும், வயல் பார்க்கத் தெரியும், சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் ஊர் சிக்கல் கடைத்தெருவில் என்னை ‘பேட் முருகேசன்’ என்றுதான் சொல்வார்கள். அது போய்விட்டால் வெறும் முருகேசன். இங்கே முருகேசன் வீதிக்கு நாலு பேர்.

ஏப்ரல் 3, வியாழன்

நேற்றுக் கட்டு பிரித்தாயிற்று. விரல் வெளுத்துப்போய் இருக்கிறது, மடங்குகிறது. தலையணையில் குச்சியால் அடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் விழுகிறது. வலது கையால் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு நாகு. “கூடிருச்சாமே, மீனா சொல்லுச்சு. ஞாயித்துக்கெழமை திருவாடானை. நீ வாரியா, அவன வரச் சொல்லவா? நீயே சொல்லிரு. நீ வாரேன்னா நீதான், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.” போனை வைக்கப் போனவன், “பாட்டுக்காரம்மா மெட்ராஸ்லருந்து வாராக, ஞாபகம் வச்சுக்க” என்றான்.

சாயங்காலம் சொல்வதாகச் சொன்னேன். களத்தில் மிளகாயை ஒரு தடவை துழாவிவிட்டேன். மறுபடி ஒரு தடவை. மீனா, “அதத்தான் இப்பத் தொழாவுனீங்க” என்றாள்.

மூன்று மணிக்கு அந்தோணிக்குப் போன். பின்னால் ஐஸ் அரைக்கிற மிஷின் சத்தம்.

“அண்ணே, வெரல் எப்படி இருக்கு?”

“கூடிருச்சு.”

“நல்லது. அப்ப ஞாயித்துக்கெழமை நீங்க போயிருவீக.”

“இல்ல தம்பி. நீ போ. நாகுட்ட நான் சொல்லிக்கிறேன்.”

நான் நிறுத்தாமல் சொல்லிவிட்டேன். ஆறு வருஷமாக உன் நம்பர் என்னிடம் இருந்தது. பல பேர் கேட்டார்கள். யாருமில்லை என்று சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

மிஷினை நிறுத்திவிட்டான். அந்தப் பக்கம் யாரோ “டேய், ஏன்டா நிறுத்துன?” என்று கத்துவது கேட்டது.

“தெரியும்ணே.”

“எப்படி?”

“மூணு வருசத்துக்கு முன்ன ஒரு கல்யாணம், பாம்பன்ல. நான் ஐஸ் எறக்க வந்தேன். ஒங்க குழுதான், ஆனா வேற ஆளு வாசிச்சாரு. ஒங்களுக்குக் காய்ச்சல்னாக. மண்டபத்துலருந்து பாம்பன் எம்புட்டுத் தூரம், நமக்குப் போன் வரலையேன்னு நெனச்சேன்.”

“அப்பறமும் நான் கூப்பிட்டதும் ஏன் வந்த?”

“வாசிக்கத்தாண்ணே.”

அவனே கேட்டான். “ஞாயித்துக்கெழமை எத்தன மணிக்கு வரணும்?”

ரெண்டு மணி, ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் வேன் நிற்கும் என்றேன். அப்புறம், மேடையில் உட்காருகிற ஸ்டூலில் ஒரு கால் குட்டை, ஆடும், அட்டையை மடித்து அடியில் கொடுத்துக்கொள் என்றேன்.

“மத்தக் காலுகள காதணி அன்னைக்கே அறுத்துச் சரி பண்ணிட்டேண்ணே” என்றான்.