ஒரே ஒரு பிலிம்

செவ்வாய்க்கிழமை.

அண்ணனைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். படிக்கிற கண்ணாடி எழுதித் தருவார்கள் என்றுதான் போனோம். வலது கண்ணின் நடுவில் பழைய தழும்பு இருக்கிறது, கண்ணாடி போட்டாலும் சரியாகாது என்று டாக்டரம்மா சொன்னார். "எப்பவாவது சூரியனை வெறுங்கண்ணால பாத்தீங்களா?"

"சின்ன வயசுல, கிரகணத்தப்ப" என்று அண்ணன் சிரித்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அன்றைக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் மாட்டுக்கொட்டகை வழியாக நழுவி பாகூர் ஏரிக்கரைக்கு ஓடினோம். வெயில் மங்கி, காற்று சில்லென்று ஆனது. கொக்குகள்கூட மரத்துக்குத் திரும்பின. அப்பாவுக்குக் கை ஒடிந்தபோது எடுத்த எக்ஸ்ரே பிலிம் ஒன்றுதான் இருந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, அண்ணன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சும்மாவே பார்த்தான். அந்தப் பிலிமும் பாதுகாப்பில்லையாம். அட்டையில் ஊசித்துளை போட்டு, தாளில் விழுகிற சூரியனைத்தான் பார்த்திருக்க வேண்டுமாம். இன்றைக்குச் சொல்கிறார் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது பஸ் ஏரிக்கரையில் ஏறியது. அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"இன்னா அழகு தெரிமா அது! கடிச்ச அப்பளம் மாரி. எனக்குக் கண்ணு போனா போவுது, நீயும்தான பாத்த?"

"பாத்தேண்ணே" என்றேன். அன்றைக்கும் அதையேதான் சொன்னேன்.

பிலிமை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பயத்தில் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருந்தேன்.