வெங்காயம் அறுக்காத கண்

தா.பழூர்
8.6.2025

அன்புள்ள அக்காவுக்குக் கண்ணகி எழுதுவது.

சாட்சியோடு போனில் பேசக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதனால்தான் கடிதம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

19-ஆம் தேதி பெரம்பலூர் மகளிர் கோர்ட்டில் உன்னைக் கூப்பிடுவார்கள். உன் வெங்காயப் பட்டறைக்கு வேலைக்கு வந்த வினோதினி, சாக்கு அறையில் என் பிள்ளை கலைச்செல்வன் பலவந்தம் செய்தான் என்கிறாள். “அவளா இஷ்டப்பட்டுத்தாம்மா வந்தா” என்று இவன் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான்.

உள்ளே நடந்ததை நீ பார்க்கவில்லை. அவள் அழுதுகொண்டு வெளியே வந்தாள் என்றுதான் போலீஸில் சொல்லியிருக்கிறாய். கோர்ட்டில், “வெங்காயம் அறுத்த கண்ணு, அதான் கலங்கியிருந்துச்சு” என்று சொல். அது பொய்கூட இல்லையே அக்கா. பட்டறையில் யார் கண் கலங்காமல் இருக்கிறது?

வெங்காயம் வாங்க வரும்போதெல்லாம் “பெரியம்மா, சோறு போடு” என்று உன் வீட்டில்தானே உட்காருவான்.

உன் தங்கை,
கண்ணகி

*

செட்டிகுளம்
12.6.2025

கண்ணகிக்கு,

பேத்தி கீதாஞ்சலி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். நாலாவது படித்தவள் எழுத்து. பிழையோடு படி.

அந்த வார்த்தையை நீ எனக்கு எழுதியிருக்கக் கூடாது. நீ அதைச் சொல்வது இது இரண்டாவது முறை.

1979, மாசி மாதம், வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து. என்னைக் கொட்டகைக்குள் இழுத்துப் போன பெரியசாமி பச்சைக் கரை போட்ட புதுத்துண்டோடு வந்து நின்றான், பெண் பார்க்க வந்தவன் போல. எனக்குப் பதினாறு. உனக்குப் பத்து. என் மஞ்சள் பாவாடையை இடுப்பில் இரண்டு மடிப்பாகச் செருகியிருந்தாய். “பாப்பா, ஒங்கக்கா அழுதத நீ பாத்தியா?” என்று கேட்டார்கள்.

“அக்கா வெங்காயம் அறுத்துக்கிட்டு இருந்துச்சுங்க. அதான் கண்ணு கலங்கியிருக்கு.”

சிரித்தார்கள். யார் யார் சிரித்தது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அம்மா சொல்லிக்கொடுத்தாள் என்பதும் தெரியும். அவள் செத்த அன்று நான் ஏன் அழவில்லை என்று கேட்டாயே, இதுதான்.

பிறகு என்னைக் கேட்டார்கள்: “சத்தம் போட்டியா?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சத்தம் போடாதவள் சம்மதித்தவள் என்று சொல்லித் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

அந்தக் கொட்டகையில் தொங்கிய கயிறு, அவன் காலில் காய்ந்திருந்த சேறு எல்லாம் எனக்கு இருக்கிறது. என் குரல் மட்டும் இல்லை. கத்தினேனா, வாயை மூடிக்கொண்டு கிடந்தேனா? நாற்பத்தாறு வருஷமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

இப்போது பட்டறைக்குள் போனால் சாக்கு அறை வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது. வினோதினி என்று நினைத்துத் திரும்பினால் அவள் இல்லை. பதினாறு வயதில் நான் நிற்கிறேன்.

பார்த்ததைத்தான் சொல்வேன்.

பஞ்சவர்ணம்

*

செட்டிகுளம்
20.6.2025

கண்ணகிக்கு,

நேற்று நீ கோர்ட்டு வேப்பமரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இந்த மாதிரி வழக்கில் வெளியாளை உள்ளே விடுவதில்லை. நடந்ததை நானே சொல்கிறேன். உன் வக்கீல் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

“தங்கச்சிக்கும் ஒங்களுக்கும் பகைதானே?” என்றார்.

“ஆமாங்க. நாப்பத்தாறு வருசமா.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. “அப்ப பழிவாங்கத்தான் வந்திருக்கீங்க?”

“பழிவாங்குறவ, உள்ளார நடந்ததையும் பாத்தேன்னு சொல்லியிருப்பா சார். அத நான் பாக்கலன்னுதானே சொல்றேன்.”

“பட்டறையில எல்லாருக்கும் கண்ணு கலங்கும். அந்தப் பொண்ணு அழுதான்னு எத வச்சுச் சொல்றீங்க?”

ஆளுக்கொரு குவியல் கொட்டி வைப்பேன் என்று உனக்குத் தெரியும். அவரவர் குவியலை அவரவர்தான் அறுப்பார்கள். அதைச் சொன்னேன். “அவ வந்து குந்துறதுக்கு முன்னாடியே சாக்கு எடுக்கணும்னு இவன் கூப்புட்டுட்டான். திரும்பி வரப்ப அவ குவியல் கொட்டுன மாதிரியே கெடந்துச்சு. அருவாமனையில ஒரு சருகு ஒட்டல. வெங்காயத்தத் தொடாத கண்ணுல எப்புடிங்க தண்ணி வரும்?”

“சத்தம் கேட்டுச்சா?”

“இல்லைங்க.”

“அப்ப சம்மதம்தானே?”

மறுபடியும் கோயில் முன்னால் நிற்கிறேன் என்றே நினைத்தேன். அப்போது ஜட்ஜம்மா தலையை நிமிர்த்தி, “எதிர்த்துப் போராடல, சத்தம் போடலங்கறத மட்டும் வச்சு சம்மதம்னு எடுத்துக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அடுத்த கேள்வி கேளுங்க” என்றார். சாதாரணமாக, பஸ்ஸுக்கு வழி சொல்வது போல. நான் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு முன்னாலும் வெங்காயம் இல்லை.

உன் கடிதத்தைச் சர்க்கார் வக்கீலிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நீயும் கூண்டில் நின்றிருப்பாய். இதோடு வைத்து உனக்கே திருப்பி அனுப்புகிறேன். அக்காவாக என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

பஞ்சவர்ணம்

*

தா.பழூர்
3.9.2025

அக்காவுக்கு,

தீர்ப்பு உனக்குத் தெரியும். பத்து வருஷம். வெளியே வரும்போது நான் இருப்பேனோ என்னவோ. உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. பெற்றவள்.

ஆனால் நீ தேடுவதாக எழுதியிருந்தது என்னைத் தூங்கவிடவில்லை. அது என்னிடம் இருக்கிறது. அம்மா சொல்லச் சொன்னது வெங்காயத்தை மட்டும்தான். இதை நானாகத்தான் மறைத்தேன்.

நீ சத்தம் போட்டாய் அக்கா. நான் கிணற்றடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை கூப்பிட்டாய். கொட்டகை வாசல் வரைக்கும் வந்தேன். பயந்து திரும்பிப் போய்க் குடத்தையே கழுவிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஜெயிலில் கம்பிக்கு அந்தப்பக்கம் இருந்து பிள்ளை “அம்மா” என்றான். என் காதில் அது அப்படி விழவில்லை. அன்றைக்கு நீ கூப்பிட்ட மாதிரியே, உன் குரலில், “கண்ணகி, கண்ணகி” என்று விழுந்தது.

நீ கத்தியது என் பேரைத்தான் அக்கா.

இதற்குப் பதில் எழுதாதே.

கண்ணகி